நாலாவதாக நின்றவள்

மூன்று பேராக நின்று போட்டோ எடுக்கக் கூடாது என்பதை நம் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எடுத்தால் மூவரில் ஒருவர் தங்க மாட்டார். இன்றைக்குக் கல்யாண வீடுகளில் நம் பேரன் பேத்திகள் மூன்று பேராகத் தோளில் கை போட்டு நின்று பல்லைக் காட்டும்போது, நம்மில் எத்தனை பேர் குறுக்கே ஓடிப்போய் நாலாவதாக நின்றிருக்கிறோம், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நான் ஓடுவேன். நம்பிக்கை எல்லாம் இல்லை. அது பொய் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அது பொய் என்று வெளிப்பட்ட இடத்தில், ஒன்பது வயதில், தலை ஈரத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தும் கால் தன்னால் போய்விடுகிறது. கூப்பிடாத கிழவி ஒருத்தி ஓரத்தில் நிற்கிற படங்கள் எங்கள் குடும்பத்தில் நிறைய உண்டு.

அந்தப் பழைய படம் எடுத்தது குற்றாலத்தில், நல்ல சாரல் காலத்தில். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ரங்கூனில் மரம் அறுக்கிற மில்லில் மேஸ்திரி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருந்தார். இரண்டாவது தடவை வந்தபோது வீட்டோடு குற்றாலம் போனோம். பெரிய அருவிக்குப் போகிற வழியில் ஒருவர் தட்டி கட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் நிஜ அருவி கொட்டிக்கொண்டிருக்க, அவர் திரைச்சீலையில் ஒரு மாளிகையும் இரண்டு அன்னமும் எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஈரம் ஏறி ஒரு அன்னத்தின் கழுத்தில் பூசணம் பூத்திருந்தது.

அம்மா அப்போது என் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். வாயும் வயிறுமாக இருக்கிறவள் படத்தில் நிற்கக் கூடாது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பத்தொன்பது வயதில் தாலியறுத்து எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவள். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அவள் தட்டிக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். வெள்ளைச் சேலைக்காரி நல்ல படத்துக்கு எதிரே நிற்கக் கூடாது என்று அவளுக்கு அவளே வைத்துக்கொண்ட சட்டம். மிச்சம் அப்பா, சித்தப்பா, சித்தி.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட படக்காரர் விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"மூணு பேருல்லா நிக்கிய? நான் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. நாளப்பின்ன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா பழி எம்மேல வரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, எடும்" என்றார் சித்தப்பா. ரங்கூன்காரர் அல்லவா!

"ஏலே, வாய மூடு" என்று தட்டிக்கு வெளியேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "அந்தப் பிள்ளய நாலாவதா நிப்பாட்டு."

அந்தப் பிள்ளை நான். அருவியில் குளித்துவிட்டுச் சடை சொட்டச் சொட்ட, வாயில் மரவள்ளிக்கிழங்கோடு நின்றேன். கிழங்கைப் பிடுங்கிவிட்டு என்னைச் சித்திக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினார்கள். நான் அசையாமல் இருப்பதற்காகச் சித்தி என் தோளை நாலு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படத்தில் என்னைப் பார்த்தால் பறிபோன கிழங்கை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது நன்றாகத் தெரியும்.

இரண்டு பிரதி வந்தது. கனத்த அட்டையில் ஒட்டிய பிரதி சித்தப்பாவோடு கப்பலேறியது. அட்டை இல்லாத பிரதி, கையில் எடுத்தால் சுருண்டுகொள்கிற ஒன்று, சித்தியிடம் தங்கியது.

அடுத்த மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. மாசி முடிவதற்குள் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போனது. கடிதம் நின்றுவிட்டது. ஜனங்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே வருகிறார்கள் என்றார்கள். கப்பலில் வருகிறார்கள் என்றார்கள். வழியில் வாந்திபேதி என்றார்கள். சித்தி அந்தப் படத்தை மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஒரு நாள் அப்பா அதை அவளிடமிருந்து வாங்கித் தன் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து மூடினார். அப்பாவுக்கு முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. நல்ல மனுஷர். எந்தத் துக்கத்தையும் ஒரு புத்தகத்துக்குள் வைத்து மூடினால் அடங்கிவிடும் என்று நினைக்கிற ஜாதி.

பங்குனி முடியும்போது ஒரு விசித்திரம் நடந்தது. தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற சித்தி, ஓடுவதை நிறுத்திவிட்டாள். அழுவதையும் நிறுத்திவிட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். குங்குமத்தை முன்பைவிட அகலமாக வைத்தாள். ஒரு முழம் பூ வாங்குகிற இடத்தில் இரண்டு முழம் வாங்கினாள். பெட்டியிலிருந்து நல்ல சேலைகளாகப் பார்த்து எடுத்து வீட்டில் சும்மா இருக்கும்போதே உடுத்திக்கொண்டாள்.

அத்தைக்குத் தாங்கவில்லை. "புருசன் எந்தக் காட்டுல கெடந்து சீப்படுதானோ, இவளுக்குப் பிச்சிப்பூ கேக்குது, பாத்தியா?" என்று அம்மாவிடம் பொருமுவாள். அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். நானும் அத்தை கட்சிதான். சித்திக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று நினைத்தேன். சின்னப் புத்தி என்று என்னை மன்னித்துவிடலாம். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனியில் சாரல் இறங்கியது. தென்காசிச் சாரல் உங்களுக்குத் தெரியாததா? மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுப் பெரியவர்கள் காலில் இடறுவார்கள். பக்கத்து வீட்டு ராவுத்தர் மகள் என் வயதுக்காரி, என் தோழி. அவளுடைய வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. அவர் கடைசியாக வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவும் அதோடு ஒரு அட்டைப் பொம்மையும் கொண்டுவந்திருந்தார். பொம்மை ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, உள்பாவாடையோடு நிற்பாள். அவளுக்கு ஆறு காகிதக் கவுன்கள். ஒவ்வொரு கவுனுக்கும் தோளிலும் இடுப்பிலும் சின்னச் சின்னக் காதுகள் உண்டு. காதைப் பின்பக்கம் மடித்துவிட்டால் கவுன் பொம்மைமேல் நிற்கும். உருவம் இருக்கிற வீட்டுக்குள் தேவதூதர்களான மலக்குகள் வர மாட்டார்கள் என்று அவள் உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பொம்மை எங்கள் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் குடியேறியது. எங்கள் வீட்டுக்கு மலக்குகள் வருவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அவள் பொம்மைக்கு நான் கவுன் மாட்டிவிடலாம், அவ்வளவுதான் என் உரிமை. அதற்கும் "மெள்ளட்டி, கழுத்து மடங்கிரும்" என்று கூடவே ஒரு கை வரும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நீயும் ஒண்ணு செஞ்சுக்கோயேன்" என்றாள்.

"எனக்குப் படம் வரைய வராதுல்லா."

"வரைய எதுக்கு? குத்தாலத்துல எடுத்த படம் இருக்குன்னு சொன்னியே. அதுல ஒன்னய மட்டும் வெட்டி எடு."

இதைவிடச் சுலபமான யோசனையை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பா கோர்ட்டுக்குப் போன பிறகு சட்டப் புத்தகத்தை இறக்கினேன். அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் நின்றவள் என்பதால் என்னை வெட்டுவது கஷ்டமாக இல்லை. தலை, ஈரச்சடை, பாவாடை என்று சுற்றிக்கொண்டு வந்தேன். தோளுக்கு வந்தபோது சித்தியின் விரல்கள் குறுக்கே நின்றன. அவற்றை விட்டு வெட்டினால் என் தோளில் பள்ளம் விழும். ஆகையால் விரல்களோடு சேர்த்தே வெட்டினேன். படத்தில் சித்தியின் கை பாதியில் நின்றுபோனது. மிச்சத்தைப் பழையபடி புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். மூன்று என்கிற எண்ணிக்கை மண்டையில் ஏறவே இல்லை. என் படம் என்னுடையதுதானே, என்னை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் கணக்கு.

சோற்றுப் பசை தடவி ஒரு அட்டையில் ஒட்டி, அம்மிக்குழவியை மேலே ஏற்றி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். சாரலில் அதுவும் சரியாகக் காயவில்லை. பிறகு அட்டையை என் உருவத்துக்கு நறுக்கினோம். என் நடுவிரல் நீளம் இருந்தேன். முகத்துக்கு மஞ்சள், உதட்டுக்குச் செம்பருத்திச் சாறு, பாவாடைக்குத் துணி அலசுகிற நீலம். வெள்ளைக்காரிக்கு இருந்தது ஆறு கவுன் என்றால் எனக்குப் பதினொன்று. பட்டம் விடுகிற காகிதத்தில் தாவணி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் ஒட்டியாணம், கல்யாணப் பத்திரிகையின் ரோஸ் தாளில் பட்டுப்பாவாடை. தோழிக்குக் காது வைப்பதில் அப்படி ஒரு கை. ஒரு கவுன்கூட நழுவாது. பத்து நாள் போனதே தெரியவில்லை. சொந்த உருவத்துக்குத் துணி மாற்றுகிற சந்தோஷம் இருக்கிறதே, அது வேறு எந்தப் பொம்மையிலும் கிடையாது.

ஒரு பகலில், தோழி வராத நேரம், குதிருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். நிழல் விழுந்தது. சித்தி.

மறைக்க நேரமில்லை. அவள் குனிந்து பொம்மையை எடுத்தாள். மஞ்சள் முகத்தைப் பார்த்தாள், சிவப்பு உதட்டைப் பார்த்தாள், தோளில் இருந்த நாலு விரலைப் பார்த்தாள்.

"என் வெரலையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டியே, ஏட்டி."

"அத்தைட்ட சொல்லிராதிய சித்தி."

"மிச்சப் படம் எங்க?"

"புஸ்தகத்துல பழையபடி வச்சிட்டேன்."

"அதுல இப்ப எத்தன பேரு நிக்காவ?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்பா, சித்தப்பா, சித்தி. எண்ணி முடித்தேன். படக்காரர் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்தது, தட்டிக்கு வெளியே அத்தை போட்ட சத்தம், எல்லாம் ஒன்றாக வந்தன.

"மூணு" என்று சித்தியே சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. "இருந்துட்டுப் போவுது. நீ பயப்படாத."

உள்ளே போனவள் ஒரு சரிகைத் துண்டோடு திரும்பி வந்தாள். "இதுல ஒரு பாவாட செஞ்சு போடு" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அது அவளுடைய கூறைச் சேலையின் முந்தியிலிருந்து கிழித்தது. கூறைச் சேலையை எந்தச் சுமங்கலியும் தன் கையால் கிழிக்க மாட்டாள் என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என் பயம் எனக்குப் பெரிதாக இருந்ததால் அவள் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஊண் உறக்கம் இல்லை. அப்பா புத்தக அலமாரிப் பக்கம் போனால் குதிருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன். தெருவில் யாராவது "ரங்கூன்" என்று சொன்னால் காதைப் பொத்திக்கொண்டேன். ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று தோழியைக் கூப்பிட்டுப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அட்டையில் ஒட்டிய பொம்மை கனமாகிவிட்டது, படமோ மெலிசு. பசையைத் தடவியதும் படத்தின் ஓரம் ஊறிச் சுருங்கியது. சித்தியின் முழங்கைப் பக்கம் தோல் உரிந்ததுபோல வெள்ளை தெரிந்தது.

"விட்டிருட்டி, இன்னும் கெட்டுப்போவும்" என்று தோழி கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். யோசனை சொன்னவள் அவள்தானே. ஆனால் அவள் பெயரை நான் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆடி பிறந்து ஒரு சனிக்கிழமை. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தபடி அப்பா சொன்னார்: "புளியங்குடி ஆளு ஒருத்தன் பர்மாவுல இருந்து நடந்தே வந்து சேந்துருக்கான். குத்தாலத்துல சத்திரத்துல தங்கி, அருவியில குளிச்சு ஒடம்பத் தேத்துதான். நம்ம தம்பி இருந்த பக்கத்துலதான் வேல பாத்துருக்கான். பேரச் சொன்னாத் தெரியல, மொகத்தக் காட்டினாத் தெரியும்னு சொல்லுதானாம்."

"அப்பம் அந்தப் படத்த எடுத்துட்டுப் போவோம்" என்றாள் அத்தை.

"நாளைக்குக் காலம்பற எல்லாருமே போவோம்."

பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு ஒழுங்காக ரசம் ஊற்றினாள். என் இலையில் ரசம் ஓடி மடியில் வடிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலை அப்பா புத்தகத்தைத் திறந்தார். படத்தை எடுத்தார். புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து உதறினார். ஓரம் கிழிந்து உள்ளே விழுந்திருக்கும் என்று நினைத்தார்போல. அத்தை அவர் கையிலிருந்து படத்தை வாங்கினாள். அத்தைக்கு எழுத்துத் தெரியாது, எண்ணத் தெரியும். விரலை வைத்து எண்ணினாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல எங்க நீ?"

நான் குதிருக்குப் பின்னால் போய் என்னை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அத்தை அடிப்பாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணாக்கிட்டாளே. தம்பி, மூணாக்கிட்டாளே இந்தப் பாவி."

"அக்கா, சும்மா இரி. காயிதந்தான அது?" என்றார் அப்பா. சொன்ன குரலில் தெம்பே இல்லை. அம்மா தம்பியை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னிடமிருந்து ஓரடி பின்னால் போனாள். என்னைப் பெற்ற அம்மா. அந்த ஓரடியை நான் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சித்தி அடுப்படி வாசலில் நின்றாள்.

அம்மா கைப்பிள்ளையோடு வீட்டில் நின்றுகொண்டாள். அப்பா, அத்தை, சித்தி, நான் நாலு பேரும் குதிரை வண்டியில் போனோம். மற்ற நாளில் யார் மடியிலாவது என்னைத் திணித்துக்கொள்வார்கள். அன்றைக்கு எனக்குத் தனியாக இடம் கிடைத்தது. குற்றாலம் போனதும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அருவிக்கு அடியில் நிறுத்தினாள். "தலையோட தண்ணி விழட்டும். பெறவு அந்த ஆளு மொகத்துல முழி." ஆடித் தண்ணீர். எத்தனையோ தடவை கூத்தடித்துக் குளித்த தண்ணீர்தான். அன்றைக்கு ஒவ்வொரு அடியும் என்னைக் கேள்வி கேட்டது. மூச்சு முட்டியது. கரையில் தள்ளி நின்ற சித்தி வந்து என்னை வெளியே இழுத்தாள்.

சத்திரத்துக் கூடத்தில் ஒரு பாயில் அந்த மனுஷர் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை, குழிந்த கண், இரண்டு காலிலும் துணிக்கட்டு. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணு போல இருக்கிய."

"இது நான். அதுதான் தம்பி" என்றார் அப்பா.

"பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு அண்ணாச்சி. நடந்து வந்தவங்க மொகம் எல்லாம் கடைசியில ஒரே மொகமா ஆயிட்டு." அவர் விரல் படத்தின் ஓரத்துக்கு வந்து நின்றது. "இங்கன ஒரு ஆளு நின்னுதோ? இந்தம்மா கை மொட்டையா நிக்கி."

"இவதான் நின்னா" என்றாள் அத்தை. "மூணு ஆவக் கூடாதுன்னு நாலாவதா நிப்பாட்டின பிள்ள. வெட்டி எடுத்துப் பொம்ம செஞ்சுட்டா."

அவர் படத்தைச் சட்டென்று பாயில் வைத்துவிட்டார். அவரும் நம் பக்கத்து ஆள்தானே. என்னைப் பார்த்த பார்வை மாறியது.

"எப்பம் வெட்டினா?"

"எப்பம்ட்டி வெட்டின? வாயத் தொறந்து சொல்லு" என்று அத்தை என்னை உலுக்கினாள்.

"ஆனியில" என்றேன். "ஆனி பொறந்து... சாரல் விழுந்த பெறவு."

அவர் விரல் மடக்கினார். "நான் மலையத் தாண்டுனது வைகாசி. அதுவரைக்கும் எப்படியோ ஆளுக வந்துக்கிட்டுதான் இருந்தாவ. ஆனியிலதான் பேய்மழை பிடிச்சுது. அதுக்குப் பெறவு பாதையில நின்னவங்க பாதிப் பேரு வந்து சேரல."

அவர் மனசறிந்து சொன்ன வார்த்தை இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் அப்பாவின் கோர்ட்டில்கூட ஒரு சாட்சி அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியிருக்காது.

"கேட்டியா தம்பி?" என்றாள் அத்தை. "வைகாசி வரைக்கும் இருந்துருக்கான். ஆனியில இவ கத்திரியப் போட்டா. ஆனியில அவன்..." வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

அப்பா மறுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். பகல் முழுக்க வாதப் பிரதிவாதங்களை எழுதுகிறவர். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவை நான்தான் கொன்றேன் என்பது அப்போது எனக்கு முடிவாகிவிட்டது. பல் தந்தியடிக்க, அருவியில் நனையாமல் சித்தி வாங்கி வைத்திருந்த பொம்மையை அவள் பக்கத்திலிருந்து எடுத்தேன். மஞ்சள் முகமும் சரிகைப் பாவாடையுமாக இருந்த அதைப் பாயில் கிடந்த படத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன். அது நிற்கவில்லை, சரிந்தது.

"ஒட்டிருதேன் அத்த. பச இருந்தா ஒட்டிருதேன். இந்தா, நிக்கேன் பாருங்க. நாலாவதா நிக்கேன்."



"மதினி" என்றாள் சித்தி. அத்தையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "அவுக மாசியிலேயே போயிட்டாவ."

அத்தை புரியாமல் திரும்பினாள். சித்தி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். நாலாக மடித்த ஒரு தபால் கார்டு. மடிப்புகள் தேய்ந்து துணிபோல ஆகியிருந்தது. அதை அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"பங்குனி உத்திரத்துக்கு மறுநாளு வந்துது, அத்தான். வீட்டுல யாரும் இல்ல. தபால்காரரு எங்கையில குடுத்துட்டுப் போனாரு. நாந்தான் மறச்சு வச்சேன். இந்தப் பிள்ள கத்திரிக்கோலத் தொடுததுக்கு மூணு மாசம் முன்னாலயே அவுக இல்ல."

அப்பா வாசித்தார். கூட வேலை பார்த்தவர் கல்கத்தாவிலிருந்து எழுதியிருந்தார். மாசிக் கடைசியில், மலைப்பாதையில், வாந்திபேதி கண்டு, இரண்டே நாளில். தாங்களே குழி எடுத்து அடக்கம் செய்ததாகவும், சம்சாரத்துக்குத் தைரியம் சொல்லும்படியாகவும் எழுதியிருந்தது. அப்பா இரண்டாம் தடவை வாசித்தார். "இது எம்பேருக்கு வந்த கார்டுல்லா" என்றார். கார்டைக் கீழே வைத்துவிட்டு, "தம்பிக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும் எறைக்கலியே" என்று அழ ஆரம்பித்தார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அத்தை கத்துவாள் என்று நினைத்தேன். நாலு மாசமாகப் பூ வைத்திருக்கிறாள், பொட்டு வைத்திருக்கிறாள், சாவுத் தீட்டோடு அடுப்படியில் நின்று எல்லோருக்கும் சோறு போட்டிருக்கிறாள். அத்தை கத்தவில்லை. சித்தியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதிலிருந்து வெறும் நெற்றியோடு இருக்கிறவள் அவள். அந்தப் பிச்சிப்பூ இரண்டு முழம் எதற்கு என்று அவளுக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

"இத்தன நாளு வச்சிருந்தவ" என்றாள், "இன்னும் கொஞ்ச நாளைக்கு வச்சிருக்கக் கூடாதாட்டி?"

"வச்சிருப்பேன் மதினி. சாவுத வரைக்கும்கூட வச்சிருப்பேன். இந்தப் பிள்ள மொகத்தப் பாருங்க."

அத்தை பார்த்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து அப்போதுதான் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார்.

சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இனி என்ன நடக்கும் என்பது அவளுக்கு அணு அணுவாகத் தெரியும். ஒரே வீட்டில் அத்தையை நாலு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். எந்த வாசலில் ஒதுங்க வேண்டும், எந்தப் படத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும் என்று எல்லாம் தெரிந்துதான் அந்தப் பையை அவிழ்த்தாள். இதையெல்லாம் நான் பின்னால் யோசித்து யோசித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மாசியிலேயே செத்துப்போனார் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வண்டி கடைத்தெருவைத் தாண்டுகிற நேரம், "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள் சித்தி. ஒரு கிழவி கூடையில் மங்குஸ்தான் பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தி இறங்கிப் போய்க் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுத்தாள். சாரல் அவள் தலைப் பூவில் பொடிப்பொடியாக நின்றது. "மவராசி, நல்ல பழமாப் பாத்து எடுத்துக்கோ" என்றாள் பழக்காரி. வண்டிக்குள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்தப் பூவும் பொட்டும் என்ன ஆகும் என்று வண்டியில் இருந்தவர்களில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சித்தி ஏறி வந்து என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கி உடைத்தாள். வெள்ளைச் சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் வாயில் வைத்தாள். எனக்கு நல்ல பசி. ஒரு பழம் தீர்ந்ததும், "இன்னொண்ணு சித்தி" என்று கையை நீட்டினேன்.